உத்திரமேரூருக்கு ஒரு ரயில் விடுவோம்



உத்திரமேரூரில் ரயில் நிலையம் கிடையாது. ரயில் ஏற வேண்டுமானால் இவ்வூர்க்காரர்கள் வடக்கே காஞ்சிபுரத்துக்குப் போக வேண்டும். அல்லது தென்கிழக்கே மதுராந்தகத்துக்குப் போக வேண்டும். காஞ்சிபுரம் அரக்கோணம் - செங்கற்பட்டுப் பாதையில் இருக்கிறது. மதுராந்தகம் சென்னை - விழுப்புரம் பாதையில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில், தண்டவாளமே இல்லாத இடத்தில் எங்கள் ஊர்.

அரசு பாதை போடும்போது போடட்டும். அதுவரை நாம் சும்மா இருப்பானேன்? காஞ்சிபுரம் - உத்திரமேரூர் - மதுராந்தகம் என்று ஒரு பாதையை நம் வீட்டுத் தாழ்வாரத்தில் நாமே போட்டு, வண்டியும் விடலாம். எந்த உண்மைப் பாதைக்கும் நகலாக இல்லாமல், சொந்தக் கற்பனையில் அமைக்கும் இத்தகைய மாதிரி ரயில் பாதையை மேலைநாட்டு ஆர்வலர்கள் 'ஃப்ரீலான்ஸ்' பாதை என்பார்கள். நம் நாட்டிலும் இது புதிதல்ல. புனே நகரில் ஜோஷி என்ற ஆர்வலர் வாழ்நாளெல்லாம் உழைத்து உருவாக்கிய சிற்றுரு ரயில் காட்சியகம் 1998 முதல் மக்கள் பார்வைக்குத் திறந்திருக்கிறது. அங்கே ரயில்கள் ஓடுவதும் ஒரு கற்பனை நகரத்தில்தான்.

"ரயில் பொம்மை சிறு பிள்ளைகளுக்கு உரியது அல்லவா? பத்தாம் வகுப்பு மாணவனுக்கு அது எதற்கு?" என்று நீங்கள் கேட்கலாம். என் கருத்து இதுதான்: வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருந்தால் அது பொம்மை. கால அட்டவணைப்படி புறப்பட்டு, விதிப்படி நின்று, எதிரே வரும் வண்டிக்கு வழிவிட்டு, ஊர் போய்ச் சேர்ந்தால் அது ரயில். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு விலையில் இல்லை, சிந்தனையில் இருக்கிறது.

முதலில் நிலப்படம்

கற்பனைப் பாதை என்றால் மனம் போனபடி கோடு இழுக்கலாம் என்று பொருளல்ல. காஞ்சிபுரத்திலிருந்து தெற்கே வரும் பாதை பாலாற்றையும் செய்யாற்றையும் கடக்க வேண்டும். ஆண்டில் பல மாதங்கள் பாலாற்றில் மணல்தான் தெரியும். அதற்காகச் சிறிய பாலம் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். சில நாள் வரும் வெள்ளத்துக்காகத்தான் பாலத்தின் நீளம் கணக்கிடப்படுகிறது.

நம்முடையது ஏரிகளின் மாவட்டம். ரயில் பாதைக்கு மண்கரை எழுப்பினால் ஏரிக்கு நீர் கொண்டுவரும் கால்வாய்கள் குறுக்கே வரும். எத்தனை சிறு பாலங்கள் வேண்டும்? உத்திரமேரூரிலிருந்து மதுராந்தகத்துக்கு நேர்க்கோடு இழுத்தால் அது வேடந்தாங்கலை ஒட்டிச் செல்லும். பறவைகள் கூடு கட்டும் இடத்தருகே ரயில் ஓடலாமா? சுற்றிப் போனால் எத்தனை கிலோ மீட்டர் கூடும்? நிலப்படத்தையும் அளவுகோலையும் வைத்துக்கொண்டு இவற்றுக்கு நீங்கள்தான் விடை காண வேண்டும். நகல் எடுப்பவனுக்கு இந்தக் கேள்விகள் எழா. வேறு யாரோ முன்பே விடை கண்டிருப்பார்கள். கற்பனைப் பாதை போடுபவனுக்கோ ஒவ்வொரு வளைவுக்கும் காரணம் சொல்லும் பொறுப்பு உண்டு.

எந்தக் காலத்து ரயில் என்பதையும் நீங்களே முடிவு செய்யலாம். அரக்கோணத்திலிருந்து காஞ்சிபுரத்துக்கு 1865-ஆம் ஆண்டிலேயே ரயில் வந்துவிட்டது. அப்போது அது 3 அடி 6 அங்குல அகலமுள்ள சிறு பாதை. பின்னர் மீட்டர் பாதையாக மாறி, இன்று அகலப் பாதையாக இருக்கிறது.

நூற்றில் ஒன்று

அடுத்தது அளவு. உலகில் அதிகம் விற்பனையாகும் மாதிரி ரயில்கள் 87-இல் 1 பங்கு அளவுடையவை. அவற்றின் தண்டவாள அகலம் 16.5 மி.மீ. மேலைநாடுகளின் 1435 மி.மீ. பாதையை 87-ஆல் வகுத்தால் இந்த எண் கிடைக்கும். நம் அகலப் பாதையோ 1676 மி.மீ. அதை 100-ஆல் வகுத்தால் 16.76 மி.மீ. ஆகவே நமக்கு 100-இல் 1 என்ற அளவே பொருத்தம். அந்தத் தண்டவாளமும் ஏறக்குறையப் பொருந்தும்; கணக்கும் எளிது. 1 மீட்டர் 1 சென்டி மீட்டராகிவிடும்.

பெரம்பூர் இணைப்புப் பெட்டித் தொழிற்சாலை 2018 வரை தயாரித்துவந்த பழைய வகைப் பெட்டியின் நீளம் சுமார் 21.3 மீட்டர். நம் அளவில் 21.3 செ.மீ. 24 பெட்டிகள் கோத்தால் 5 மீட்டருக்கு மேல் போய்விடும், வீட்டில் அடங்காது. மூன்று பெட்டிகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வளைவிலும் இதே சிக்கல். நம் அகலப் பாதையில் மிகக் கூர்மையான வளைவு என்று அனுமதிக்கப்படுவது 175 மீட்டர் ஆரம். நம் அளவில் 1.75 மீட்டர். அரைவட்டம் போடவே மூன்றரை மீட்டர் அகலமுள்ள அறை வேண்டும். எனவே 45 செ.மீ. ஆரத்துக்கு இறங்கி வருகிறோம். இப்படி விட்டுக்கொடுத்தால் விளைவு என்ன? பெட்டியின் இரு போகிகளுக்கு இடையே மாதிரியில் சுமார் 14.8 செ.மீ. இருக்கும். வளைவில் திரும்பும்போது பெட்டியின் நடுப்பகுதி தண்டவாளத்தின் மையத்திலிருந்து ஏறக்குறைய 6 மி.மீ. உள்பக்கம் விலகும். வட்டத்தின் நாண் பற்றிப் படித்த எவரும் இதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். கணக்கிடாமல் வளைவில் நடைமேடை கட்டியவருக்குப் பெட்டி இடித்துத் தெரியப்படுத்தும்!

சிறிதாக்கினால் எல்லாம் சிறிதாகுமா?

நீளத்தை நூறில் ஒன்றாக்கினோம். எடை என்ன ஆகும்? நீளம், அகலம், உயரம் மூன்றும் சுருங்குவதால் கன அளவு 10 லட்சத்தில் ஒரு பங்காகும். ஏறத்தாழ 40 டன் எடையுள்ள பெட்டி, அதே பொருள்களால் அதே விகிதத்தில் செய்யப்பட்டால் 40 கிராம்தான் இருக்கும். உருவத்தை மாற்றினால் எடையும் வலிமையும் ஒரே விகிதத்தில் மாறுவதில்லை என்பதைக் கலிலியோ 1638-இல் வெளிவந்த தம் நூலில் விளக்கியிருக்கிறார். அட்டைப் பெட்டி தடம் புரண்டுகொண்டே இருந்தால் அதன் தரையில் சிறிது மணலை ஒட்டுங்கள். எடை கூடும், ஈர்ப்பு மையம் தாழும், வண்டி நிலையாக ஓடும்.

வேகத்தைப் பாருங்கள். மணிக்கு 60 கி.மீ. என்பது நொடிக்கு 16.7 மீட்டர். மாதிரியில் நொடிக்கு 16.7 செ.மீ. மட்டுமே. பொம்மை ரயில்கள் நொடிக்கு ஒரு மீட்டர் கூட ஓடுகின்றன. நம் அளவில் அது மணிக்கு 360 கி.மீ.! பார்ப்பதற்கு அது ரயிலாகத் தோன்றாததில் வியப்பில்லை.

இதைவிடச் சுவையானது நிற்கும் தூரம். 60 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி, தடை போட்டபின் 500 மீட்டர் ஓடி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அளவுப்படி நம் மாதிரி 5 மீட்டரில் நிற்க வேண்டும். ஆனால் வேகத்தின் இருமடியே நிற்கும் தூரத்தைத் தீர்மானிக்கிறது என்று படித்திருக்கிறீர்கள். வேகம் நூறில் ஒன்றானால், அதே எதிர் முடுக்கத்தில், தூரம் பத்தாயிரத்தில் ஒன்றாகும். எனவே மாதிரி 5 சென்டி மீட்டரில் நின்றுவிடும். பார்ப்பவர் கண்ணுக்கு அது சட்டென்று நின்றதாகவே தோன்றும்! ஆகவே மாதிரி ரயிலின் ஓட்டுநர் மின்னழுத்தத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்தே நிறுத்தப் பழக வேண்டும். பாடநூலில் ஒரு வரியாக இருந்த சூத்திரம் இங்கே விரல் நுனிக்கு வந்துவிடுகிறது.

தண்டவாளமே இல்லாமல் செய்து பார்க்க இன்னொரு சோதனை. இரண்டு காகிதக் குவளைகளை வாயோடு வாய் ஒட்டி, இரண்டு நீண்ட குச்சிகளைச் சரிவாக வைத்து அவற்றின் மீது உருட்டுங்கள். சற்றே விலகினாலும் அது தானாகவே நடுவுக்கு வந்துவிடும். அடியோடு அடி ஒட்டி உருட்டினால் விழுந்துவிடும். ரயில் சக்கரமும் உள்பக்கம் பருத்து, வெளிப்பக்கம் சிறுத்து, சற்றே கூம்பு வடிவில் இருப்பதன் காரணம் இதிலிருந்து விளங்கும்.

காலத்தையும் சுருக்குவோம்

உத்திரமேரூர் காஞ்சிபுரத்திலிருந்து ஏறக்குறைய 30 கி.மீ. நூறில் ஒன்றாக்கினாலும் 300 மீட்டர்! தெருவே போதாது. இங்கே மாதிரி ரயில்காரர்கள் ஓர் அருமையான உத்தியைக் கையாளுகிறார்கள். கடிகாரத்தை விரைவாக ஓடவிடுகிறார்கள். நாம் 12 மடங்கு என்று வைத்துக்கொள்வோம். 5 நிமிடம் ஒரு மணி நேரத்துக்குச் சமம்.

60 கி.மீ. வேகத்தில் காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் வர அரை மணி. நம் கடிகாரத்தில் அது இரண்டரை நிமிடம், அதாவது 150 நொடி. நொடிக்கு 16.7 செ.மீ. வீதம் 150 நொடியில் வண்டி 25 மீட்டர் ஓடும். ஏழடி நீளம், மூன்றரையடி அகலமுள்ள பலகையில் சுமார் 5 மீட்டர் சுற்றளவுள்ள பாதை அடங்கும். ஆகவே சரியாக ஐந்து சுற்று சுற்றினால் ஊர் வந்துவிட்டது! வட்டம் சுற்றுவது ரயிலாகாது என்றேன். எண்ணிச் சுற்றினால் அது பயணம்; எண்ணாமல் சுற்றினால்தான் பொம்மை.

இனி கால அட்டவணை. ஒரு வரைபடத்தாளில் கிடை அச்சில் நேரத்தையும் குத்து அச்சில் தூரத்தையும் குறியுங்கள். வண்டி ஒவ்வொன்றும் ஒரு சாய்கோடு. காஞ்சிபுரத்திலிருந்து காலை 6.00 மணிக்கு ஒரு வண்டி, அதே 6.00 மணிக்கு உத்திரமேரூரிலிருந்து ஒரு வண்டி. இரண்டும் 60 கி.மீ. வேகம். கோடுகள் எங்கே வெட்டுகின்றன? 6.15-க்கு, நடுவழியில், 15-ஆவது கிலோ மீட்டரில். ஒற்றைப் பாதையில் அந்தப் புள்ளிக்குப் பெயர் விபத்து.

எனவே கிளைப்பாதை உள்ள ஒரு நடு நிலையம் வேண்டும். காஞ்சிபுரத்திலிருந்து 20-ஆவது கிலோ மீட்டரில் அதை அமைத்தோமானால் உத்திரமேரூர் வண்டி 6.10-க்கே அங்கு வந்து கிளைப்பாதையில் ஒதுங்கி நிற்கும். காஞ்சிபுரம் வண்டி 6.20-க்கு வந்து தாண்டும். பத்து நிமிடக் காத்திருப்பு. "ஏன் இந்த வண்டியை இங்கே போட்டுவிட்டான்?" என்று பயணிகள் சலித்துக்கொள்ளும் கேள்விக்கு விடை உங்கள் வரைபடத்தில் இருக்கிறது. ரயில்வேயின் கட்டுப்பாட்டு அறைகளிலும் வண்டிகளின் ஓட்டத்தை இத்தகைய தூர - நேர வரைபடத்தில்தான் கண்காணிக்கிறார்கள்.

ஒரு கோலி, ஒரு வண்டி

ரயிலின் உயிர் எஞ்சினில் இல்லை, விதியில் இருக்கிறது. விதிகளில் தலையாயது: பாதையின் ஒரு பகுதியில் ஒரே சமயத்தில் ஒரே வண்டிதான் இருக்கலாம். முன்பெல்லாம் ஒற்றைப் பாதைகளில் நிலைய அதிபர் ஓர் உலோக உருண்டையைப் பையிலிட்டு, வளையத்தில் மாட்டி ஓட்டுநரிடம் கொடுப்பார். அந்த டோக்கன் கையில் இல்லாமல் ஓட்டுநர் வண்டியை எடுக்க மாட்டார். ஒன்றை வெளியே எடுத்துவிட்டால், அதை உரிய கருவியில் திரும்பப் போடும்வரை இரு முனைக் கருவிகளும் அடுத்த உருண்டையைத் தராது. இன்று பெரும்பாலான இடங்களில் மின்னணுக் கருவிகள் அந்த வேலையைச் செய்கின்றன. கருவி மாறியது, விதியின் கருத்து மாறவில்லை.

உங்களுக்கு ஒரு கோலிக்குண்டு போதும். கோலி யார் கையில் இருக்கிறதோ அவர் வண்டிதான் நகரலாம். நான்கு நண்பர்கள் சேருங்கள்: இருவர் ஓட்டுநர், இருவர் நிலைய அதிபர். விதிகளைப் பேச்சோடு விடாமல் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கிராம சபைக்கு யாரைத் தேர்ந்தெடுக்கலாம், யாரைக் கூடாது, எப்படித் தேர்ந்தெடுப்பது என்ற விதிகளை முதலாம் பராந்தக சோழன் காலத்தில், பத்தாம் நூற்றாண்டிலேயே கல்லில் வெட்டி வைத்த ஊர் உத்திரமேரூர். எழுதப்பட்ட விதிக்கு உள்ள வலிமையை எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

பலகைக்கு அடியில்

மாதிரி ரயில் என்றதும் மலையும் சுரங்கமும் பச்சை மரங்களும் நினைவுக்கு வரும். எனக்கு அதிக மதிப்புடையதாகத் தோன்றுவது பலகைக்கு அடியில் இருக்கும் கம்பிகள்தாம். மின்கலத்திலிருந்து தொலைவில் செல்லச் செல்ல வண்டி மெதுவாகிறது. ஏன்? தண்டவாளத்துக்கும் அதன் இணைப்புகளுக்கும் மின்தடை உண்டு. என்ன செய்வது? பல இடங்களில் தனித்தனிக் கம்பிகளால் மின்சாரம் கொடுக்கலாம். ஓம் விதியைத் தேர்வுக்காக மட்டும் படித்தவருக்கு இது தோன்றாது. வண்டி நின்றுபோனதைப் பார்த்தவருக்குத் தோன்றும்.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக மாணவர்கள் 1946-இல் ஒரு மாதிரி ரயில் சங்கம் தொடங்கினார்கள். சிலர் பெட்டிகளுக்கு வண்ணம் பூசினார்கள். வேறு சிலர் தொலைபேசி நிலையத்தில் பயன்படும் ரிலேக்களைக் கொண்டு பலகைக்கு அடியில் கட்டுப்பாட்டுச் சுற்றுகளை அமைத்தார்கள். 1950-களின் இறுதியில் அக்கழகத்துக்குக் கணிப்பொறி வந்தபோது அதைச் சூழ்ந்துகொண்டவர்கள் இந்தப் பலகைக்கு அடியில் இருந்தவர்கள்தாம். 1962-இல் வெளியான 'ஸ்பேஸ்வார்' என்ற தொடக்ககாலக் கணிப்பொறி விளையாட்டை உருவாக்கியவர்களில் இச்சங்கத்தாரும் உண்டு. எந்த வண்டி எப்போது எந்தப் பாதையில் போகலாம் என்று சுற்றுகளில் சிந்தித்துப் பழகியவர்களுக்குக் கணிப்பொறி நிரல் அந்நியமாகத் தோன்றவில்லை.

பணத்துக்கு எங்கே போவது?

நியாயமான கேள்வி. வெளிநாட்டு மாதிரி ரயில்கள் பல ஆயிரம் ரூபாய் விலையுள்ளவை. கிராமத்து மாணவனுக்கு அவை எட்டா. அதனால்தான் வரிசையைத் தலைகீழாக்கச் சொல்கிறேன். கடைக்காரர் முதலில் எஞ்சினை விற்பார், பாதை அடுத்தது, கால அட்டவணை அவரிடம் இருக்கவே இருக்காது. நாம் கால அட்டவணையில் தொடங்குவோம்.

முதல் மாதம் நிலப்படமும் வரைபடத்தாளும் போதும். இரண்டாம் மாதம் தாழ்வாரத்தில் சுண்ணக்கட்டியால் நீளமாகப் பாதை வரைந்து, பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் பெட்டிகள் செய்து, கையால் தள்ளியே கோலி விதிப்படி ஓட்டுங்கள். சுண்ணக்கட்டிப் பாதையில் இரு வண்டிகளும் எதிரெதிரே வந்து கடப்பதை அழகாகக் காணலாம். மோட்டார் கடைசியில் வரட்டும். பழுதான பொம்மைக் காரிலிருந்து கழற்றிய மோட்டாரே போதும். மின்கலங்களை மட்டுமே பயன்படுத்துங்கள். வீட்டுச் சுவரிலுள்ள மின்சாரத்தைப் பெரியவர் துணையின்றித் தொடவே வேண்டாம்.

கண்காட்சி நடத்துவோருக்கு ஒரு வேண்டுகோள்

பள்ளி அறிவியல் கண்காட்சிகளுக்கு நடுவராகச் செல்லும் வாய்ப்பு எனக்கு அவ்வப்போது கிடைக்கிறது. தெர்மாக்கோலில் அழகாகச் செய்த மாதிரிகள், மின்னும் விளக்குகள், மனப்பாடமான விளக்கம். சில மாதிரிகள் கடையிலிருந்தே நேராக வந்தவை. இரண்டு நாள் முடிந்ததும் எல்லாம் குப்பையில். மாணவர்களை நான் குறை சொல்லவில்லை. நடுவர்களாகிய நாங்கள் எதற்குப் பரிசு தருகிறோமோ அதைத்தான் அவர்கள் செய்கிறார்கள். ஒரு முறை எரிந்து காட்டினால் போதும் என்று நாங்கள்தானே கற்றுக்கொடுக்கிறோம்!

இதை மாற்ற வேண்டும். "இது எத்தனை நாளாக இயங்குகிறது? எத்தனை முறை நின்றது? ஏன் நின்றது? எப்படிச் சரிசெய்தாய்?" என்று கேட்போம். அழகுக்கு அல்ல, பழுதுப் பதிவேட்டுக்கு மதிப்பெண் கொடுப்போம். "6.10 வண்டி இன்று நான்கு நிமிடத் தாமதம், காரணம், மூன்றாம் இணைப்பில் துரு" என்று எழுதி வைத்திருக்கும் மாணவி, மின்னும் எரிமலைக்குப் பக்கத்தில் அட்டை ரயிலோடு நின்றாலும் அவளே விஞ்ஞானி. இயற்கையை ஒரு முறை ஏமாற்றிவிடலாம். தினமும் காலை 6 மணிக்கு ஏமாற்ற முடியாது.

கடைசியாக உங்களுக்கு ஒரு வீட்டுக்கணக்கு. உத்திரமேரூர் வந்த வண்டி திரும்பிப் போக, பாதையின் முனையைப் பெரிய வளையமாக வளைத்து, வந்த தண்டவாளத்தோடே இணைத்துவிட்டோம். ஒரு தண்டவாளம் நேர்முனை, மற்றது எதிர்முனை. வளையம் சுற்றி வந்து சேரும் இடத்தில் என்ன நடக்கும்? வலப்பக்கத் தண்டவாளத்தின் மீது விரலை வைத்துத் தொடர்ந்து போங்கள். ஆபத்து எங்கே என்று தெரியும். அதை எப்படித் தவிர்ப்பது? விடையைத் தாளில் வரைந்து பார்த்துவிட்டு, பிறகு கம்பியைத் தொடுங்கள்.